தொட்டில் திரும்பி வரும் வரை

மதினி,

கோயிலிலிருந்து வந்து சேலையை மாற்றிய பிறகும் அந்துருண்டை வாசம் என்னை விடவில்லை. ஆர்கன்மேல் வருஷமெல்லாம் போர்த்தி வைக்கும் பச்சைத் துணியின் வாசம் அது. சாதாரண ஞாயிறுகளுக்கு ஆர்மோனியமே போதும். ஆர்கன் கிறிஸ்துமஸுக்குத்தான் திறப்பார்கள். பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்காருகிறவர்களுக்கு அந்தத் துணியை உதறியதும் தும்மல் வரும். சபை அதைப் பண்டிகை வாசம் என்று சொல்லிக்கொள்ளும். "எலிப் புழுக்கையும் சேந்துல்ல உதுருது" என்பீர்கள். நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது.

மார்கழி பிறந்ததும் அச்சுமுறுக்கு சுட உட்காருவோமே, ஞாபகம் இருக்கிறதா? அடுப்பில் எண்ணெய் காய, நம் வாயில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் வறுபடும். எது நல்ல பாட்டு, எது குப்பை என்று வருஷா வருஷம் தீர்ப்புச் சொல்வோம். கடைசி இடம் எப்போதும் பனிப் பாட்டுக்குத்தான். ஊரையே பனிக்கட்டி மூடியிருக்கிறதாம், ஆட்டுக்குட்டிகள் விறைத்துக் கிடக்கின்றனவாம். அதைப் பாடுகிற ஆண்களுக்குக் கோட்டுக்குள் வேர்வை ஊற்றும். "வண்டியூர் தெப்பக்குளத்துல தண்ணி கெடந்தாலே அதிசயம். பனிக்கட்டிக்கு நா எங்கிட்டுப் போக?" என்று நீங்கள் கேட்டதும் நான் சிரித்து, ஓர் ஈடு முறுக்கு கருகிப் போனது. அதற்கு ஒரு படி மேலே மணிப் பாட்டு. கோபுரந்தோறும் மணிகள் முழங்குவதாகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். நம் கோயிலில் இருப்பதோ ஒரே மணி, அதற்கும் கயிறு அறுந்து கிடக்கும்.

முதல் இடம் யாருக்கு என்பதில் நமக்குள் சண்டையே வந்ததில்லை. திருமங்கலம் பக்கத்துச் சபைகளிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் பெண்கள் கும்மி கொட்டிப் பாடுவார்களே, அதுதான். கோயிலுக்குள் கும்மி மரியாதையில்லை என்று அவர்களை வேப்பமரத்தடியோடு நிறுத்தி வைத்த புத்திசாலிகள் நம் ஆட்கள். "உள்ள நடக்குறது ஆராதனை. வெளிய நடக்குறதுதாந்த்தா பண்டிகை" என்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போவீர்கள்.

ஊர்ப் பாட்டையெல்லாம் வறுத்த அந்த வாயாலேயே நீங்களும் ஒரு பாட்டுக் கட்டினீர்கள். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். உங்கள் மகளுக்குக் கக்குவான் இருமல் வந்து தூங்காமல் கிடந்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, மாட்டுக் கொட்டிலில் மரியாள் பாடுகிற மாதிரி வரி வரியாகச் சேர்த்தீர்கள். "மாட்டு மூச்சுச் சூடு போதும், மவராசா உறங்கு" என்ற வரியைக் கேட்டு நான் அழுதேன். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "தொட்டி அங்கிட்டுப் போயி திரும்பி வரணும்ல, அது வரைக்கும் பொறுக்கணும்" என்றீர்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பெண்களுக்கு நடுவில் நீங்கள் அதைப் பாட, வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்குப் பிடித்துப் போயிற்று. அவ்வளவுதான், பாடகர் குழுத் தலைவருக்கு அது திடீரென்று நல்ல பாட்டாகிவிட்டது. தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். ஆர்கனை மிதித்து மிதித்து உங்களிடம் 'துருத்தி ஐயா' என்று பெயர் வாங்கியவர். அவர் பாட்டைத் திருத்தினார். மாட்டு மூச்சு அசிங்கமாம், அங்கே தூதர் கீதம் வந்து உட்கார்ந்தது. வரிக்கு வரி நீங்கள் விட்ட இடத்தையெல்லாம் ஆர்கனை வைத்து அடைத்தார். "காலியா விட்டா பாட்டு மறந்துபோச்சுன்னு நெனப்பாங்கம்மா" என்றார். எல்லோரும் எழுந்து நின்று நாலு குரலில் முழங்கினார்கள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் வீறிட்டு எழுந்தன. தாலாட்டுப் பாடிப் பிள்ளைகளை எழுப்பிவிட்ட சபை உலகத்தில் வேறெங்காவது உண்டா?

அடுத்த வருஷ முறுக்குச் சட்டியின் முன்னால் பனிப் பாட்டைக் கடைசி இடத்திலிருந்து நீங்கள் எடுத்துவிட்டீர்கள். "அந்த எடத்துல என் பாட்டப் போடு" என்றீர்கள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ஆர்கன் இல்லாமல், பெண்கள் உட்கார்ந்தபடி பாட விடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்டீர்கள். ஒவ்வொரு வருஷமும் துருத்தி ஐயா பல்லைக் காட்டி மழுப்பினார்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் படுக்கையில். சீக்காளிகளின் வீட்டுக்குப் போய்ப் பாடும் வழக்கப்படி குழு வந்தது. "உங்களுக்குப் பிடிச்ச பாட்டே பாடுறோம்" என்று அந்த மனிதர் குழுவைப் பார்த்துக் கையை வீசினார். அந்தச் சின்ன அறைக்குள் நாலு குரலும் அதிர, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பரவசம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்கள்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டுத்தான் கண்ணைத் திறந்தீர்கள். பிறகு, "நீ பாடுத்தா" என்றீர்கள். பாடினேன். இரண்டாவது வரியிலேயே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"அவசரப்படாத. திரும்பி வரட்டும்."

போன வாரம் ஒத்திகையில் துருத்தி ஐயா உங்கள் தாலாட்டைச் சீமை மெட்டு என்றே அறிமுகப்படுத்தினார். அது எங்கள் மதினி கட்டியது என்றேன். "உங்க மதினிக்கு ராகம் தெரியுமா, தாளம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆள்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, அருவருப்புத்தான்.

இன்று காலை அந்தப் பாட்டுக்குச் சபை எழுந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, மாட்டு மூச்சோடு, நீங்கள் பாடின கதியிலேயே பாடினேன். ஒவ்வொரு வரிக்கும் தொட்டில் போய்த் திரும்பும் வரை பொறுத்தேன். அவர்கள் முன்னால் ஓட ஓட நான் பின்தங்கினேன். துருத்தி ஐயா திரும்பிப் பார்த்து முறைத்தார். பக்கத்தில் நின்றவள் என் முழங்கையைக் கிள்ளினாள். பாட்டு முடிந்து, ஆர்கனும் நின்று, எல்லோரும் உட்கார்ந்தும்விட்டார்கள்.

எனக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது, மதினி. அவசரப்படாமல் பாடினேன்.