காப்பு கட்டிய பத்து நாள்

மே 10, வெள்ளி

என் வீட்டுக்காரர் குணசேகரன் இன்று மாரியம்மனுக்குக் காப்பு கட்டிக்கொண்டார். தீமிதி வரை பத்து நாள். கறி கிடையாது, குடி கிடையாது, காப்புக் கை பெண்டாட்டி மேல் படக் கூடாது. ஆத்தாடி, பத்து நாள்! குடவாசல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாஸ்ட் புட் வண்டி போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அடி விழாத பத்து நாள் சேர்ந்தாற்போல் வந்ததில்லை.

மே 12, ஞாயிறு

அடி இல்லை.

மே 14, செவ்வாய்

திருவிழாக் கூட்டம். சில்லி சிக்கனுக்கு ஒரு கடாய், கோபிக்கு ஒரு கடாய் என்று தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஒரே கார்ன்ஃப்ளவர் மாவு, ஒரே சிவப்பு. பொரிந்த பிறகு பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. எட்டு ஆர்டர் ஒன்றாக வந்ததில் அரிகரண்டி மாறிப்போச்சு. அவர் தின்ற கோபி மஞ்சூரியனில் ஒரு சிக்கன் துண்டு. கடித்துவிட்டார்.

துப்பினார். வாய் கொப்பளித்தார். காப்பு கட்டிய வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டார். இடது கையால் என் முடியைப் பிடித்து வண்டித் தகரத்தில் மோதினார். மூன்று தடவை. விரதம் கெடாமல் அடிக்கிறாராம்! பிறகு அதே கையால் என் இடது மணிக்கட்டைக் கடாய் விளிம்பில் வைத்து அழுத்தினார். தோலு அதுலயே ஒட்டிக்கிச்சு. ஜனங்க பாத்துக்கிட்டே நின்னாங்க. ஒருத்தன் பார்சல் கேட்டான். எனக்கு யாரு இருக்கா?

மே 15, புதன்

மாமியார் ரெங்கம்மாள் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டார். "நீதானேம்மா விரதத்தக் கெடுத்த. அவன் காலு சுட்டா பாவம் ஒனக்குத்தான்" என்றார்.

சுடட்டும். சுடணும் தாயே.

மே 19, ஞாயிறு

சுடவில்லை. நெருப்பில் சாவகாசமாக நடந்து போனார். ஊரே அவர் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. இன்று அம்மன் மேல் வந்த கோபம் அவர் மேல்கூட வந்ததில்லை. காப்பை அவிழ்த்தாயிற்று.

மே 21, செவ்வாய்

மத்தியானமே குடித்துவிட்டு வண்டிக்கு வந்தார். நான் மஞ்சூரியன் கிரேவி கொதிக்கவிட்டிருந்தேன்.

"இன்னிக்கு ரெண்டு கையும் இருக்குடி" என்றார்.

ஓங்கினார். கடாயைத் தூக்கி அவர் மேல் கவிழ்த்தேன். கை தவறவில்லை, பார்த்துத்தான் ஊற்றினேன். வெறும் தண்ணீர் என்றால் வழிந்து போயிருக்கும். கார்ன்ஃப்ளவர் கரைத்த சாஸ் ஒட்டிக்கொண்டு வேகும். தெரிந்தேதான் செய்தேன். இரண்டு கையிலும் நெஞ்சிலும். அவர் கத்தியதில் பஸ் ஹாரன்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 8, சனி

பெண்டாட்டி ஊற்றினாள் என்று சொன்னால் மானம் போகுமாம். தானே கொட்டிக்கொண்டதாகப் போலீசில் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாள். இரண்டு கையிலும் கட்டு, நான்தான் ஊட்டுகிறேன்.

இன்று ரசம் சாதம். கரண்டியைத் தூக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

நான் கரண்டியை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.