எடை போட்டுவிட்ட சக்கர நாற்காலி

அனுப்புநர்:
தையல்காரி,
தரைத்தளம், மாவு மில்லுக்கு எதிர் வீடு,
குறுக்குத் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: சுழற்சிப் பொருளாதாரத் திட்டத்தில் பழைய இரும்பாக எடுத்துச் செல்லப்பட்ட சக்கர நாற்காலியைத் திரும்பப் பெறுதலும், அத்திட்டத்தின் தராசைச் சரிசெய்தலும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எதையும் வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நகரமாக நம் நகரம் மாற வேண்டும் என்று தாங்கள் ஒலிபெருக்கியில் பேசியபோது, தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டவள் நான். நல்ல பேச்சு. கைகூடத் தட்டினேன். அதன்பின் நடந்ததைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

1. மேற்படி நாற்காலி எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, தெருவுக்கே சொந்தம். கால் உடைந்தவர் வீட்டுக்கு வரும். கால் கூடியதும் அடுத்த வீட்டுக்குப் போகும். வாடகை கிடையாது. ஒரே வழக்கம், வைத்திருந்தவர் அதில் ஏதாவது ஒரு கோளாறைச் சரிசெய்துதான் அடுத்தவருக்குத் தர வேண்டும். பேருந்து நடத்துனர் சக்கரம் மாற்றினார். தச்சர் கைப்பிடி போட்டார். இருக்கை என் கைவேலை. பழைய விளம்பரத் துணியில் தைத்ததால் உட்காருமிடத்தில் ‘மாபெரும் தள்ளுபடி’ என்றிருக்கும். அடையாளத்துக்கு இது போதும் என நம்புகிறேன்.

2. இப்போது என் மாமியாரின் முறை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, தெருமுனையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவர் தினமும் அதில்தான் போய்வருவார். போகும் வழியில் தச்சரின் அளவு, மில்காரரின் மாவு, நான் எடுக்கும் காஜா எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். என் மாமியாருக்கோ குற்றம் பார்ப்பதில்தான் சுற்றமே. அவர் வண்டி வரும் சத்தம் கேட்டால் தச்சர் இன்னொரு முறை அளந்துகொள்வார்.

3. எங்கள் வாசற்கதவு குறுகல். நாற்காலி உள்ளே நுழையாததால் வெளியேதான் நிற்கும். வேண்டாத பொருட்களை வாசலில் வைக்கச் சொல்லி, அதிக எடை சேர்க்கும் வார்டுக்குக் கேடயம் என்று மாநகராட்சி அறிவித்திருந்த அன்று, மாமியாரைக் குளிப்பாட்ட நான் உள்ளே போயிருந்தேன். ஈரக்கையோடு ஓடிவருவதற்குள் லாரி முனை திரும்பிவிட்டது. ஊழியர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. வாசலில் நின்றதை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

4. கிடங்குக்குப் போனேன். இரும்புக் குவியலின் உச்சியில், தள்ளுபடி பளிச்சென்று தெரிய, எங்கள் நாற்காலி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். நாற்காலியை மட்டும் கொடுக்கவில்லை. “எடை போட்டாச்சுக்கா. இப்ப எடுத்தா நம்ம வார்டு எடை குறைஞ்சிடும், கேடயம் பக்கத்து வார்டுக்குப் போயிடும்” என்றார். “தம்பி, இது ஓடுற நாற்காலிப்பா” என்றேன். “ஓடுறதுக்குன்னு திட்டத்துல எதுவும் சொல்லலையே” என்று அவரும் தலையைச் சொறிந்தார். அடுத்த வாரம் இரும்பு நசுக்கும் இயந்திரம் வருகிறதாம்.

5. எங்கள் தெரு எடையில் கடைசி இடம் என்பதை மறுக்கவில்லை. மிக்சி நின்றால் பிரித்துப் பார்க்கிறோம். அண்ணனுக்குச் சிறுத்த சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைக்கிறேன். பிறகு குப்பைக்கு எங்கே போவது? நன்றாக இருப்பதை நசுக்கிக் கேடயம் வாங்குவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போலத்தான். உருக்குவது கடைசி வேலை ஐயா. அதற்கு முன் ஒரு பொருள் பத்துக் கை மாறலாம். ஒரு தெரு பழக்கத்தால் செய்வதை ஒரு நகரம் உத்தரவால் செய்யலாம். வார்டு அலுவலகத்தில் பூட்டியே கிடக்கும் பழைய குடிநீர்க் கட்டண அறையைப் பழுதுபார்க்கும் அறையாகத் திறந்துவிடுங்கள். ஒரு திருகாணி கழன்றதற்காக மருத்துவமனைக்குப் பின்னால் மழையில் நனையும் நாற்காலிகளை அங்கே அனுப்புங்கள். தச்சரும் நானும் முறைவைத்து வருகிறோம். சரியாகி வீட்டுக்குப் போகும் பொருளையும் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு அனுப்பினால், மேற்பார்வையாளருக்கும் கேடயம் கிடைக்கும்.

மேற்கண்ட திட்டத்தைத் தாங்கள் நிதானமாக யோசிக்கலாம். நாற்காலி விஷயம் அப்படியல்ல. மாமியாரின் தங்கைக்குப் பார்வை மங்கிவிட்டது, தனியாகத் தெருவில் இறங்க மாட்டார். அக்கா வருவாள் என்று கதவைத் திறந்துவைத்தே உட்கார்ந்திருக்கிறாராம். மாமியார் இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நேற்றுக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். பத்து இடத்திலாவது திருத்தம் சொல்வார் என்று இந்த மனுவையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தாம்மா இருக்கு” என்றார்.

ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. இயந்திரம் வருவதற்குள் நாற்காலியை விடுவிக்க உத்தரவிடுங்கள்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: குறுக்குத் தெரு

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
தையல்காரி