பிங்கைத் தெரியும், எவரில்டாவைத் தெரியாது

மியாகாவ், இலோயிலோ
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் பிங்குக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். பென்சிலை அழுத்திப் பிடிக்காதீர்கள் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்கிறார், ஆனால் கடலில் கயிறு இழுத்த கைக்கு மெதுவாகப் பிடிக்கத் தெரியவில்லை. இந்தக் கடிதம் மூன்று மாலையாக நடக்கிறது. நானும் உன் அம்மாவும் சுகம், இருமல் போய்விட்டது, கடவுள் புண்ணியத்தில் வலையிலும் மீன் விழுகிறது. வின்னிபெக்கில் பனி குறைந்ததா, மாப்பிள்ளை ரோனெல் இரவு வேலையிலிருந்து மாறினாரா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

புதன்கிழமை நீ போன் செய்தபோது நான் வகுப்பில் இருந்தேன். தாய்மார்கள் உன்னைத் தேடி வருகிற அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உன் கணக்கு திறந்துவிட்டது, உன் படத்துக்குக் கீழே எவரில்டா நாபோர் என்றே இருக்கிறது என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். நாங்கள் அனுப்பிய சத்தியப் பத்திரத்தில் இருக்கிற பிங் என்பது யார் என்று கம்பெனிக்காரர்கள் உன்னிடம் கேட்டார்களாமே, நீ சிரித்தாயாமே. அந்தப் பெயர் அங்கே எப்படிப் போனது என்று உனக்குத் தெரிய வேண்டாமா, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் நீ அழுதது என் மனதை விட்டுப் போகவில்லை. பேச்சு வராத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பேசப் பழக்குகிறவள் நீ. உன் தொழில் லைசென்ஸில் நாபோர், பாஸ்போர்ட்டில் பால்மரெஸ், இரண்டும் ஒரே ஆள் இல்லை என்று, ஆளைச் சரிபார்க்கிற அந்தக் கம்பெனி இயந்திரம் கதவைச் சாத்திவிட்டது. கல்யாணமானதும் கணவன் வீட்டுப் பெயர் கடைசியில் வந்து, நம் வீட்டுப் பெயர் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வது இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும், அதற்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக உன்னை நம்பி வந்த தாய்மார்கள் நாபோர் என்று தேடி, ஆளைக் காணாமல் திரும்பிப் போவார்களே என்றாய். எல்லாவற்றையும் பால்மரெஸ் என்று மாற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கு என்று உன் மாமியார் சொன்னாராம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அவரிடம் கோபம் வேண்டாம்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஊரில் சத்தியப் பத்திரம் வாங்கி அனுப்பச் சொன்னாய் அல்லவா, அதற்கு நானும் அம்மாவும் சந்தைக்குப் பின்னால் இருக்கிற வக்கீலம்மாவிடம் போனோம். பெற்றவர்களை விட வேறு யாருக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துப் போனால், "ஐயா, நீங்க சொன்னா செல்லாது, சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். நம் தெருவில் சொந்தமில்லாத ஆளுக்கு எங்கே போவது? ஒருவர் உன் ஞானத்தகப்பன், ஒருவர் அம்மாவின் சித்தி மகன், ஒருவர் இரண்டுமே. கடைசியில் மீன் விற்கிற, ஊருக்கே அக்காவான மனாங் சோலிதாவும், மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற ஃபெலிமோனும் தேறினார்கள். சோலிதா மாதா கோயிலுக்குப் போகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

வக்கீலம்மா அவளைக் கையைத் தூக்கச் சொல்லி, உண்மையே சொல்வேன் என்று சொல்ல வைத்து, எவரில்டா நாபோர் பால்மரெஸ் என்பவரைத் தெரியுமா என்று கேட்டார். சோலிதா யோசித்தாள். "தெரியாதுங்கம்மா. அப்படி ஒருத்தியை நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றாள். ஃபெலிமோனும், "நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி தெரியலையே" என்றான். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். உன் அம்மாதான், "அடியே, அது நம்ம பிங்குடி!" என்று கத்தினாள்.

சோலிதாவுக்கு வந்ததே கோபம். "பிங்கா? அவளுக்கு இப்படி ஒரு பேரு இருக்குதுன்னு இத்தனை வருஷமா யாராவது சொன்னீங்களா? அவ கல்யாணத்துக்கு முழுப் பன்னியைச் சுட்டது யாரு, நான்தானே! அந்தப் பால்மரெஸ் பையன் அந்தப் பன்னிக் காதுல பாதியைத் தின்னதையும் பார்த்தேன். எழுதிக்கங்கம்மா, நாபோர் மகளும் அவதான், பால்மரெஸ் பொண்டாட்டியும் அவதான், என்கிட்ட தினம் நெத்திலி வாங்கினவளும் அவதான்" என்றாள். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு பேரைச் சேர்க்க வந்தீங்க, இப்ப மூணாச்சு. சாட்சிக்குத் தெரிஞ்ச பேரு உள்ள வராம நான் முத்திரை வைக்க முடியாது" என்று, 'பிங் என்றும் அழைக்கப்படுகிற' என்பதையும் சேர்த்து அடித்தார். நெத்திலி மட்டும் சேரவில்லை, சோலிதாவுக்கு அதில் வருத்தம்தான்.

முத்திரை வைக்கும் முன் தாளை என் கையில் கொடுத்தார். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன் மகளே. உன் பெயரை அச்சில் நானே படித்தது அன்றுதான். அவசரப்படுத்தாமல் எல்லோரும் நின்றார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்காக நாபோரைச் சுமக்காதே. நாளைக்கு உனக்கே பால்மரெஸ்தான் வசதி என்று தோன்றினால் மாற்றிக்கொள், எனக்கு மனக்குறை இல்லை. இயந்திரம் சொன்னது என்பதற்காக மட்டும் மாற்றாதே. அந்தப் பத்திரத்துக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ரோனெலிடம் கொடுத்து வை. சூடாகச் சாப்பிடு. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், உன்னைத் தேடி வருகிற பிள்ளைகளின் நாக்கும் திறக்கட்டும். அடுத்த ஞாயிறுக்குள் இன்னொன்று எழுதுகிறேன், சோலிதாவும் வகுப்பில் சேரப் போகிறாளாம், அந்தக் கூத்தைச் சொல்ல வேண்டும்.

உறையின் மேல் எவரில்டா நாபோர் என்று எழுதினேன். வாசலில் பால்மரெஸ் என்று இருக்குமே, தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்கிறாள் அம்மா. நியாயம்தான். பக்கத்தில் பால்மரெஸையும் எழுதிவிட்டேன். பிங்குக்கு இடமில்லை, அதனால் அதை உள்ளே வைத்து ஒட்டுகிறேன்.

இப்படிக்கு, தானே கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
கிரிசாந்தோ நாபோர்