ஃபிளஷ் பெரிதா, ஃபுல் ஹவுஸ் பெரிதா?

என் பிரியமான மாமா,

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் முதலில் வருகிறது, நான் என்ன செய்ய?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பளமெல்லாம் தண்ணீர். வேலையில்லாத நாட்களில் நீங்களும் நானும் மோட்டார் பார்க்கும் குப்பனும் உப்புக் கொட்டகையில் போக்கர் ஆடுவோமே, அங்கே இப்போது உங்கள் இடத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், உங்கள் மனைவியேதான். சீட்டுக்கட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள், போன வாரம் ஒரு மதியம் குடையோடு வந்து நின்றாள். "எனக்கும் சொல்லிக் குடுடா. வூட்ல ஒண்டியா உக்கார முடியல."

அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது லேசா மாமா? ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லி வாயை மூடவில்லை, தனக்கு ராஜா வந்திருப்பதைக் குப்பனிடம் சொல்லிவிட்டாள். நடுவில் விரிக்கிற ஐந்து சீட்டும் எல்லோருக்கும் பொது என்றால், அப்புறம் எதற்குப் போட்டி என்கிறாள். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி, காசுக்குப் பதில் பந்தயம் கட்டுகிற புளியங்கொட்டையை ஏற்றி வைக்கலாம் என்றேன். அது பொய்யில்லையா என்று கேட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள், எந்தக் கை பெரியது என்று வரிசை சொன்னேன். கையில் உள்ளதும் நடுவில் உள்ளதுமாகச் சேர்த்து ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு வந்தால் ஃபுல் ஹவுஸ். ஐந்தும் ஆட்டின், இல்லை ஐந்தும் கிளாவர் என்று ஒரே வகையாக வந்தால் ஃபிளஷ். ஃபிளஷ்தான் பெரியது. நீங்கள் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

மறுநாள் அக்கா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆரோவில் பக்கம் விடுதியில் சமையல் வேலை பார்த்தபோது, அங்கே தங்கியவர்களிடம் கேட்டு நீங்களே எழுதிவைத்த வரிசை. அதில் ஃபுல் ஹவுஸ் மேலே. ஃபிளஷ் கீழே.

எட்டு வருஷம், மாமா. எட்டு வருஷமாகத் தப்பாக ஆடியிருக்கிறோம். போன வருஷம் அனுமந்தையில் குப்பனின் சொந்தக்காரர்களோடு இதற்காக மல்லுக்கு நின்று, பாதி ஆட்டத்தில் எழுந்து வந்தேனே, அப்போதுகூட உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

தெரிந்தே மாற்றிச் சொன்னாரா என்று அக்காவிடம் எகிறினேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"கோடையில மழ பேஞ்சி நீ குவிச்சி வச்ச உப்பெல்லாம் கரைஞ்சி போச்சே, அப்போ பத்து நாளு நீ யார்கிட்டயும் பேசல. சீட்டு ஆடலாம் வான்னு அவருதான் உன்ன இழுத்துக்கினு போனாரு. நீ ஃபிளஷ்ஷ இறக்கிட்டு சிரிச்சியாம். அவரு கையில இருந்தது அதவிடப் பெரிசாம். சிரிக்கிறவன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு வந்து என்னக் கேட்டாரு."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மூன்று ஒன்பதும் இரண்டு ராணியுமாக இறக்கியிருந்தீர்கள். எது பெருசு என்று குப்பன் கேட்டான். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவந்தாம்பா ஜெயிச்சான்" என்று சீட்டையெல்லாம் வாரிக் கலைத்தீர்கள். அன்றைக்குத்தான் நான் வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டுச் சாப்பிட்டேன்.

சரி, அன்றைக்கு வேண்டாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாமே? அடுத்த வருஷம்? நான் ஃபிளஷ் இறக்கியபோதெல்லாம் பெரிய கையை வைத்துக்கொண்டு எத்தனை முறை தோற்றீர்கள்? இதற்கு உங்களை என்னவென்று திட்டுவது?

அக்கா கறார். இனிமேல் காகிதத்தில் உள்ளபடிதான் ஆட்டம் என்றுவிட்டாள். நேற்று எனக்கு ஐந்தும் ஆட்டின். இறக்கினேன். அவள் மூன்று நான்கும் இரண்டு ஜாக்கியுமாக இறக்கி, என் முகத்தைப் பார்க்கவே பார்க்காமல் புளியங்கொட்டையை முந்தானையில் வாரிப் போட்டுக்கொண்டாள். அடுத்த சீட்டைப் போடச் சொல்லிக் குப்பனை விரட்டினாள். எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஏழு மாதத்தில் அவள் ஏதோ ஒன்றைத் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டது அதுதான் முதல் முறை.

மழை விட்டு, அளத்தில் வேலை தொடங்கினாலும் அவளை ஒண்டியாக விட மாட்டேன், மாமா. மதியம் ஒரு ஆட்டமாவது உண்டு. விட்டுக்கொடுத்து ஆட எனக்குத் தெரியாது. தோற்றால் நிஜமாகவே தோற்பேன்.

உங்கள் மச்சினன்,
வேலு