எட்டில் ஆறு அடையாளம்

12-3-92, வியாழன்

குமரா, என் உருண்டே, காலையிலிருந்தே வெயில் கொளுத்துகிறது. உன் பாட்டு நோட்டில்தான் எழுதுகிறேன். பின்பக்கம் தாள் நிறையச் சும்மா கிடந்தது. கோபிக்காதே. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாததை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது.

நீ போய்ப் பன்னிரண்டு நாள். பதினாறாம் நாள் காரியம் திங்கட்கிழமை. தம்பி முத்து வந்தான். அதற்குள் உன் அறையைக் காலி பண்ண வேண்டுமாம். "அந்தக் குப்பையெல்லாம் எரிச்சிடுக்கா. வரவங்க பாத்தா என்னா நெனைப்பாங்க?"

உன் மாமாதான். நல்லதுக்குத்தான் சொல்கிறான்.

அறையில் இருந்தது:
கேசட், மூன்று அட்டைப் பெட்டி நிறைய.
கறுப்பு டி-சட்டை ஏழு.
கிடார் ஒன்று. ஒரு கம்பி அறுந்தது.
மண்டை ஓட்டு மோதிரம்.
என் பழைய சேலைத் துண்டு, கிடார் துடைக்க.
வயிற்று வலி மாத்திரை.
பாதி முறுக்கு, எறும்பு மொய்த்தது.

அவ்வளவுதான். மெத்தைக்கடியில், தலையணை உறைக்குள், கேசட் பெட்டிக்குள் எல்லாம் கை தானாகப் போனது. போன டிசம்பரில் தேடிய அதே இடங்கள். அன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை.

என் அலமாரியில், சேலைக்கடியில், அந்த நோட்டீஸ். எரிக்கிறதாக இருந்தால் முதலில் அதைத்தான். எரிக்கவில்லை. மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன்.

எழுதிவிடுகிறேன். டிசம்பரில் உன்னையும் உன் பாட்டுக் கூட்டாளிகளையும் போலீசில் காட்டிக்கொடுத்தது உன் சிநேகிதன் அஸ்மி இல்லை. நான்.

13-3, வெள்ளி

கம்பெனிக்குப் போனேன். எத்தனை நாள் லீவு கேட்பது. கையுறை எண்ணிப் பெட்டியில் போடுகிற வேலை, எண்ணிக்கை மூன்று தடவை தப்பியது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

திரும்பும்போது பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பெண்கள். எனக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

"அந்த ராக் பையன்லா, முடிய வளத்துக்கிட்டுத் திரிவானே, லோரியில அடிபட்டுச் செத்துட்டான்."

"ஐயோ. போதையில ஓட்டியிருப்பான்."

"பின்னே? அம்மாக்காரியே கம்பெனியில சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளாம், எம் மவன் கெட்டுப் போய்ட்டான்னு."

உருண்டே, லோரிக்காரன் சிக்னல் போடாமல் திரும்பினான். நைட் ஷிப்ட் முடித்துப் பூச்சோங் ரோட்டில் பைக்கில் நீ ஒழுங்காகத்தான் வந்தாய். ஆஸ்பத்திரியிலும் போதை இல்லை என்றுதான் சொன்னார்கள். அதை அந்தப் பெண்களிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் சொன்னதைத்தானே அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். கால் வீக்கம்.

போன நவம்பரில் கோயில் மண்டபத்தில் ஒரு பேச்சு. டவுனிலிருந்து டை கட்டிய ஆள் ஒருவர். ஒரு கேசட் போட்டுக் காட்டினார், தகர டின்னை உருட்டியது மாதிரி சத்தம். நாங்கள் பெண்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டோம். "இந்த ஹெவி மெட்டல் கேக்குற புள்ளைங்கள எட்டு அடையாளத்துல கண்டுபிடிச்சிடலாம்" என்று நோட்டீஸ் கொடுத்தார். அதுதான் இது.

1. கறுப்புச் சட்டை
2. நீள முடி
3. உடல் மெலிவு
4. அறைக் கதவைச் சாத்திக்கொள்வது
5. பகலில் தூக்கம்
6. மண்டை ஓடு, ஆட்டுத் தலைப் படங்கள்
7. ரத்தத்தின் மேல் ஆசை
8. சாமி கும்பிட மறுப்பது

ஆறு வரைக்கும் பேனாவால் குறி போட்டிருக்கிறேன். ஏழாவதற்குக் கேள்விக்குறி. பாசாரில் கோழி அறுப்பதைப் பார்த்து மயங்கி விழுந்த பிள்ளைக்கு.

எட்டில் ஆறு இருந்தால் நூற்றுக்கு நூறு போதை என்று அந்த ஆள் சொன்னார்.

பின்னேரம் விளக்கேற்றினேன். காளியம்மா படத்தைத் துடைக்கும்போது உன் ஞாபகம். சட்டைக்காக உன்னைத் திட்டினேனே அன்றைக்கு, "என் சட்டையில ஒரு மண்டை ஓடுதாம்மா இருக்கு, ஒங்க சாமி கழுத்துல எத்தனைன்னு எண்ணுங்க" என்றாய். அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வயசுப் பிள்ளையை, கன்னத்தில்.

இன்றைக்கு எண்ணினேன். பதினேழு. மாலை முதுகுப் பக்கமும் போகிறது, அது தெரியவில்லை.

14-3, சனி. மப்பும் மந்தாரமும்

அஸ்மி வந்தான்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். முடியைப் பின்னால் ரப்பரில் கட்டியிருந்தான். சாவு அன்றைக்கும் வந்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டாளிகளோடு நின்றுவிட்டுப் போனான். முத்து கிட்டே விடவில்லை.

உள்ளே வா என்றேன். செருப்பை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். டீ போட்டு வைத்தேன். தொடவில்லை. ஆறுகிறதே என்றேன்.

"புவாசா, ஆன்டி."

நோன்பு மாதம் என்பது மறந்தே போய்விட்டது. வயிறு ஒட்டிப் போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. போன மாதம் பார்த்திருந்தால் இதையும் அடையாளத்தில் சேர்த்திருப்பேன். டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் மலாயில் பேசியதை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். திங்கட்கிழமை சாமி கும்பிடும்போது நாங்கள் நாலு பேரும் வந்து நிற்கலாமா என்று கேட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஆன்டி, நாங்க சேர்ந்து பாட்டு வாசிச்சு ஜேமிங் பண்ற எடத்துக்குப் போலீஸ் வந்துச்சே, நான் சொல்லல. எங்க சித்தப்பா போலீஸ்ங்கிறதால குமரன் என்னைத்தான் நெனச்சிட்டான். அப்புறம் என்கூடப் பேசல. நான் அம்மா மேல சத்தியம் பண்ணேன், நம்பல. நீங்களாவது நம்புங்க."

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. திங்கள் வா என்றேன். போய்விட்டான்.

எத்தனை லேசாகச் சொல்லியிருக்கலாம். ஒரே வரி.

அன்றைக்கு உங்களை ராத்திரி முழுக்க நிலையத்தில் வைத்து மூத்திரம் சோதித்து ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். நான் என்ன செய்தேன்? தப்பு என்று தெரிந்த பிறகும், அங்கிருந்து நேராக முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போனேன். நீ கண்ணாடியில் என்னையே பார்த்தாய். வீட்டுக்கு வந்து, "அஸ்மிதாம்மா சொல்லிட்டான்" என்று அழுதாய். "நான் அப்பவே சொன்னேன்ல, அந்தப் பசங்க சகவாசம் வேணான்னு" என்றேன்.

போலீசுக்குச் சொன்னதாவது பயத்தில். இது எதில்?

15-3, ஞாயிறு. மத்தியானத்திலிருந்து மழை

வாங்க வேண்டியது: வாழை இலை, எள், அகத்திக்கீரை, பால். நாற்காலி கோயிலில் கேட்க வேண்டும். முத்துவுக்கு வேட்டி.

முத்து சத்தம் போட்டான். "அந்தச் சடாமுடிக் கூட்டம் உள்ள வந்துச்சின்னா நான் வெளிய போயிருவேன்."

"வரட்டும்டா."

"அவனுங்களாலதாங்க்கா இவன் போனான்!"

அதற்கும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

கோவிந்தண்ணன் வீட்டுக்குப் போனேன். நாலு வீடு தள்ளி. ரிட்டையர் ஆன போலீஸ்காரர். டிசம்பரில் நோட்டீசை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் ஓடினேன். அவர்தான் நிலையத்துக்குப் போன் பண்ணினார். அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"ஏந்தங்கச்சி பழசக் கிளர்ற? ஒம்புள்ளையும் போய்ட்டான். அந்த மலாய்ப் பையன் நாலு நாளு வருத்தப்படுவான், அப்புறம் மறந்துருவான். நீ சொல்லி என்னா ஆவப்போவுது? நாளைக்கு ஊரே ஒன்னக் காறித் துப்பும்."

குடை கொடுத்தார். வாங்காமல் நனைந்துகொண்டே வந்தேன்.

ஊர் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். அவன் வெடித்த உதட்டோடு வந்து "நம்புங்க" என்கிறானே.

16-3, திங்கள். காரியம் முடிந்தது

நாலு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டை. அதில் ஒருவனுக்குக் கை நீளம் பத்தவில்லை, யாரிடமோ இரவல். கறுப்புப் போடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும் நான். நீ சிரித்திருப்பாய்.

சீனப் பையன் லெங் கோயிலிலிருந்து நாற்காலி எல்லாம் அவனே தூக்கினான். முத்து முறைத்துக்கொண்டே நின்றான், ஆனால் வெளியே போகவில்லை. கடைசியில் "டேய், அந்தப் பக்கம் போடுப்பா" என்று அவனிடமே வேலை சொன்னான்.

படையல் போட்டோம். படத்துக்குப் பூப் போட அவர்களையும் கூப்பிட்டேன். அஸ்மி பூப் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தான்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மட்டும் பின்பக்கம் பைப்படியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தான். நோன்புக்காரன், சோற்று வாடைக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். நோட்டீசை எடுத்துக்கொண்டு போனேன்.

"அஸ்மி, போலீசுக்குச் சொன்னது நான்."

என் பாசார் மலாய் சரியாக வரவில்லை என்று நினைத்தான். இன்னொரு தடவை சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் மூடவில்லை.

பேப்பரைக் காட்டினேன். தமிழ், அவனுக்குத் தெரியாது. என்னவென்று கேட்டான். ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன்.

மெலிந்துபோவது என்றேன்.

"அவனுக்கு கேஸ்ட்ரிக், ஆன்டி."

"தெரியும்."

கதவைச் சாத்துவது.

"நீங்கதான் சத்தமா இருக்கு, சாத்துன்னு சொல்வீங்களாம்."

"தெரியும்."

பகலில் தூக்கம்.

"அவன் நைட் ஷிப்ட்!"

"தெரியும் தம்பி. நானும் ஷிப்ட் பாக்கறவதான்."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஈரக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். "எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஆன்டி?"

பயம் என்றேன். மன்னிச்சிடு என்று மலாயில் எப்படிச் சொல்வது என்பது அந்த நேரம் மறந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். என் மகன் வயசுப் பையனை. "வேணாம், வேணாம்" என்று எழுந்துவிட்டான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான்.

சோற்றுப் பானையோடு முத்து வாசல்படியில் நின்றிருந்தான். எதுவரை கேட்டான் தெரியாது. பானையை வைக்காமலே திரும்பி உள்ளே போனான்.

அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பும்போது அஸ்மி திரும்பி வந்தான்.

"ஆன்டி, குமரன் எங்க வீட்டுக்கு வந்தான். அது நடக்கறதுக்கு மூணு நாள் முன்னால, வியாழக்கிழமை. வெளியிலயே நின்னு, 'நீ இல்லன்னு தெரியும், சாரிடா'ன்னான். அப்ப யாருடான்னு கேட்டேன். 'அத மட்டும் கேக்காத'ன்னான். மறுபடியும் கேட்டேன். பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டுப் போய்ட்டான்."

நேற்று முன்தினமே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைச் சொன்னால், அப்போ யார் என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியாதே, அதனால் நம்பமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்றான்.

17-3, செவ்வாய்

வெயில். லீவு போட்டேன். பாத்திரம் திருப்பிக் கொடுத்தேன். கேசட் பெட்டி மூன்றையும் அஸ்மிக்கு எடுத்து வைத்தேன். சட்டை ஏழும் எனக்கு.

முத்து வரவில்லை. போனும் இல்லை.

கோவிந்தண்ணனிடம் கேட்டேன். அவர் சொல்லவே இல்லையாம். பிறகு நான்தான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? இந்த நோட்டீசா? கிடார் துடைக்கத் துணி தேடி என் அலமாரியைத் திறந்தாயா? என் கையெழுத்தில் எழுதிய கேள்விக்குறியைப் பார்த்தாயா?

வியாழன் அஸ்மி வீட்டுக்குப் போயிருக்கிறாய். மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கம்பெனி கேட்டில் பைக்கோடு நின்றாய். டிசம்பருக்குப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "ஏறுங்கம்மா" என்றாய். நான் பயப்படுவேன் என்று மெதுவாகத்தான் ஓட்டினாய், ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தபோது, "கெட்டியா புடிச்சுக்குங்க" என்று என் கையை இழுத்து உன் வயிற்றில் வைத்தாய். எலும்பு தட்டுப்பட்டது. வீடு வரைக்கும் பேசவில்லை.

உருண்டே, பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று தெரிந்துதான் ஏற்றிக்கொண்டாயா?