என் ரத்தத்தையும் எடு

மார்ச் 4
பூத்தோட்டக் கம்பெனியில் பேத்திக்கு இன்றைக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மாதா மாதம் எதற்கு? விற்கிறார்களோ? கேட்டால் சிரிக்கிறாள். "மருந்தடிக்கிற எல்லாருக்கும் எடுப்பாங்க பாட்டி. சிவப்பணுவுல ஒரு என்சைம் இருக்காம். பூச்சிமருந்து உடம்புல ஏறுனா அது சரியா வேலை செய்யாதாம்." அஞ்சாம் கிளாஸ் படித்த எனக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாள்.

மார்ச் 11
என்சைம் குறைவாம். பூவைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மருந்தடிக்கும்போது போட்ட நீலக் கோட்டைக் குப்பையில் போடச் சொன்னாள். கெட்டித் துணி, யாருக்கு மனசு வரும்? ஊறவைத்து அலசி, எங்கள் இருவருக்கும் தலையணை உறை தைத்துவிட்டேன். தையல் போட்ட இடமே தெரியாது. "நல்லா துவைச்சியா பாட்டி?" என்கிறாள். யாரைப் பார்த்துக் கேட்கிறாள்!

ஏப்ரல் 8
இன்னும் குறைந்திருக்கிறது. "வெளிய எங்கயாவது திருட்டுத்தனமா மருந்தடிக்கப் போறியா?" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டானாம். இன்னொரு தடவை குறைந்தால் வேலை போய்விடும். பிள்ளை அழுகிறாள். அந்த வேலைக்கு அவன் மச்சினிச்சி காத்துக்கிட்டிருக்காளாம். இப்பல்ல புரியுது!

ஏப்ரல் 9
ஒருவேளை நிஜமாகவே போகிறாளோ? அவள் குளிக்கும்போது பையைத் துழாவினேன். சீப்பும் குடையும்தான். சீ, நான் வளர்த்த பிள்ளை.

ஏப்ரல் 10
தலைவலி. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. எல்லாம் அந்த மேஸ்திரியால்.

ஏப்ரல் 15
கம்பெனிக்கே போய் நர்ஸிடம் கையை நீட்டினேன். "என் ரத்தத்தையும் எடு. உங்க தோட்டத்துல நான் காலே வச்சதில்ல. எனக்கும் குறைச்சல்னு வந்தா, உன் மெஷின் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."
"ஊசி வலிக்கும் பாட்டி" என்றான் மேஸ்திரி.
"உன் நாக்கை விடவா?"
நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தாள்.

ஏப்ரல் 22
எனக்கும் குறைச்சல்! பேத்தியை விடவும்! மாட்டிக்கொண்டார்களா?
சாயங்காலம் நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. சமையலறை, துணிக்கொடி, அலமாரிக்கு அடியில் என்று பார்த்துக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள், நாங்கள் என்ன திருடிகளா? கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டாள்.
"இந்த நீலத் துணி ஏது பாட்டி?"
பெருமையாகத்தான் சொன்னேன்.
அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். "எத்தனை தடவை துவைச்சாலும் மருந்து முழுசா போகாது பாட்டி. தினமும் ராத்திரி ரெண்டு பேரும் இது மேலதான் முகத்தை வச்சிருக்கீங்க." தலையணையோடு கட்டி எடுத்துப் போனாள். மேஸ்திரியிடம் தானே சொல்லிவிடுகிறாளாம்.

ஏப்ரல் 23
நான் தைத்தது.

ஜூலை 29
பேத்திக்கு என்சைம் ஏறிவிட்டது. வேலை நிலைத்தது. எனக்கும் மெல்ல ஏறுகிறதாம்.
கடையில் புது உறை வாங்கி வந்திருக்கிறாள். தையல் கோணல். அதிலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.