வருவானாக்கும்

கொல்லயில்,
20 பிப்ரவரி 2025

பிரியமுள்ள மக்கா,

நம் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. புதன்கிழமைக்கு மட்டும் மாற்றினால் போதும் என்பது என் தரப்பு. எல்லா நாளும் மாற்றினால்தான் வயிறு குழம்பாது என்பது உன் அம்மாவின் தரப்பு. இரண்டு நாள் விவாதம் நடந்தது. அடுத்த வீட்டு ஷைலஜா நடுவராக இருந்தாள், பிறகு அவளே வாக்கும் போட்டாள். நான் தோற்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நிறைவேறிய முதல் சீர்திருத்தம் இது. உன் தொடர் எட்டரைக்குத் தொடங்குவதுதான் காரணம்.

நான்கு பாகமும் பார்த்தாயிற்று. 'வான்கரை' என்ற பெரிய தொடரில் இரண்டே காட்சியில் தலைகாட்டிய பம்ப் மெக்கானிக்கைப் பிடித்து, 'பம்ப் அறை' என்று தனியாக ஒரு கிளைத் தொடர் எடுக்கிறார்கள், அதை என் மகள் எழுதுகிறாள் என்று ஊருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். கிளைத் தொடர் என்றால் என்ன என்று டீக்கடை சுவாமிதாஸ் கேட்டான். பேங்குக்குக் கிளை இருப்பதுபோல என்றேன்.

"அப்போ நம்ம முக்குல இருந்த கிளையைப் போல பூட்டிட்டுப் போயிருமோ?" என்றான்.

ஆகாயக் கப்பலிலும் குழாய் ஒழுகுகிறது. இருநூறு வருஷம் கழித்தும் ஒழுகும் என்று ஒத்துக்கொண்ட உன் நேர்மை எனக்குப் பிடித்தது. ஒரு குறை உண்டு. மெக்கானிக் செல்லையன் "தண்ணி வருமாக்கும்" என்று சொல்லும்போது அந்த நடிகர் புருவத்தைத் தூக்கித் தோளைக் குலுக்குகிறார். வருமோ வராதோ என்கிற பாவனை. பாறசாலை பஸ் டிப்போவின் விசாரணை ஜன்னலில் ஓய்வு பெறும்வரை மைக்கோடு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்: களியக்காவிளை வண்டி வருமா என்று கேட்டவனிடம் "வருமாக்கும்" என்று நான் சொன்னால், அவன் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவான். நம் ஊரில் 'ஆக்கும்' என்பது அறைந்த ஆணி. இயக்குநரிடம் சொல்.

இனி நேற்றைய பாகம். செல்லையனின் மகன் ரெஜி குழாயைச் சரிசெய்யக் கப்பலுக்கு வெளியே போகிறான். வாசலில் நின்று "வாறேன்" என்கிறான். கயிறு அறுந்துபோகிறது. செல்லையன் மைக்கைப் பிடித்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

நம் பினுவும் கப்பலில் ஃபிட்டர்தான். ராத்திரி மேல்தளத்தில் இருந்தவனைக் காலையில் காணவில்லை என்று கம்பெனி எழுதி ஆறு வருஷமாகிறது. கடைசியாக வாசலில் நின்று அவன் சொன்னதும் அந்த ஒரு சொல்தான். உன் அண்ணனை நீ மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றிருப்பேன். நீ கேட்காததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

அம்மா விளம்பரம் முடியும்வரை அசையவில்லை. "அவனுக்க பேச்சாக்கும் இது" என்றாள். அப்புறம், "இந்தப் பய வரமாட்டான். போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்?" என்று எழுந்து போய்விட்டாள். இத்தனை வருஷமும் பினுவுக்குத் திதி கொடுத்துப் பலி போட என்னை விடாதவள் அவள்தான்.

மார்ச் பதினொன்றாம் தேதி திருவனந்தபுரத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன். இதய வால்வு இனித் தாங்காது, தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "எனக்கும் பம்பு கேடாக்கும்" என்று ஷைலஜாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். மறுக்காமல் ஒத்துக்கொண்டாள். இனிக் காத்திருந்து பார்க்க ஒன்றுமில்லையாம்.

ரெஜி வருவானா? ஒரு வரி எழுது.

அப்பா


எழுத்தாளர் இல்லம்,
சென்னை,
25 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அப்பாவுக்கு,

சாப்பாட்டு நேரம் மாறிய செய்தியை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தொடருக்குக் கிடைத்த முதல் உறுதியான வரவேற்பு என்று தயாரிப்பாளர் மகிழ்ந்தார்.

போனில் கிடைப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். 'வான்கரை'யின் முடிவை யாரோ போனில் வெளியே விட்டுவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். வேற்றுக் கிரகத்துக்கு நொடியில் செய்தி போகிற கதையை எழுதிவிட்டு, நான் தபால்தலைக்கு எச்சில் தொடுகிறேன். போகிற கடிதங்களை ஒருவர் படித்துப் பார்க்கிறார். அவர் பதவிக்குக் கதைப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். மதுராந்தகத்துக்காரர். நல்ல மனிதர், கொட்டாவி மட்டும் விடுவார்.

'ஆக்கும்' பற்றி இயக்குநரிடம் சொன்னேன். "இங்கே அது சந்தேகத்துக்குச் சொல்கிற சொல்லம்மா. வந்தாலும் வருவான் என்கிற மாதிரி. ஊரெல்லாம் பார்க்கிற தொடர், ஓர் ஊருக்காக மாற்ற முடியாது" என்றார். "வாறேன்" என்ற சொல்லைக் காப்பாற்றவே மூன்று நாள் சண்டை போட்டேன்.

பினுவைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை.

கதையில் இனி நடப்பதை எழுத எனக்கு அனுமதி இல்லை. ரெஜியின் விஷயம் ஒன்பதாம் பாகத்தில் தெரிந்துவிடும், அவ்வளவுதான் சொல்லலாம். வருவானாக்கும்.

ஆபரேஷனுக்கு நான் கண்டிப்பாக வந்துவிடுவேன். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் நந்தனா


கொல்லயில்,
2 மார்ச் 2025

பிரியமுள்ள மக்கா,

கெட்டிக்காரி. முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை வாசித்தபோது பிடித்துவிட்டேன். மதுராந்தகத்துக்காரருக்கு அது சந்தேகச் சொல், கொட்டாவி விட்டுக்கொண்டு கடிதத்தை ஒட்டியிருப்பார். எனக்கு அது பாறசாலை ஜன்னல் சொல். பாதுகாப்பு அதிகாரியின் கண்முன்னால் கதையைக் கடத்திவிட்டாய். டிப்போவில் இந்த அறிவோடு ஒருவர் இருந்திருந்தால் எங்கள் யூனியன் உருப்பட்டிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

"அம்மிணி, அந்தப் பய வருவான்."

"ஆரு சொன்னது?"

"எழுதுறவளே சொன்னா. வருவானாக்கும்."

"ஆக்கும் எண்ணு எழுதியிருக்காளா?"

கடிதத்தை வாங்கி அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். "அப்போ நான் கண்டுட்டுத்தான் போவேன்" என்றாள்.

ஒன்பதாம் பாகம் மார்ச் இருபத்தாறு, ஆபரேஷன் பதினொன்று. ஆஸ்பத்திரியில் டி.வி. உண்டு என்றேன். "மயக்கிக் கெடத்தினா பின்ன எழும்புவேனோ என்னவோ. அவன் கதவைத் தொறந்து உள்ள வாறத எனக்குக் காணணும். ரெண்டு ஆழ்ச்சைதானே?" என்றாள். வாரக் கணக்கில் இதயம் வேலை செய்வதில்லை என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். டாக்டருக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டாள்.

ஷைலஜாவை விட்டும் சொல்லிப் பார்த்தேன். அந்த வாக்கும் அம்மாவுக்கே விழுந்தது. ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். இந்தத் தேதியை விட்டால் வேறு தேதி தர முடியாது, கட்டில் ஒழியும்போது கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அம்மா பினுவின் கட்டிலை முற்றத்தில் வெயிலுக்குப் போட்டிருக்கிறாள்.

பதினொன்றாம் தேதிக்கு நீ வர வேண்டாம். லீவை மிச்சம் வைத்துக்கொள்.

அப்பா


சென்னை,
13 மார்ச் 2025

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அதிகாரி மேசையில் கிடந்திருக்கிறது.

தொடரை நிறுத்திவிட்டார்கள். நேற்று வந்த ஏழாம் பாகமே கடைசி. பார்க்கிறவர்கள் குறைவாம். மெக்கானிக் பேசுவது புரியவில்லை என்று கருத்துக் கணிப்பில் வந்திருக்கிறதாம். அடுத்த புதன் முதல் எட்டரைக்குச் சமையல் போட்டி.

அப்பா, நான் ஒன்றையும் கடத்தவில்லை. அந்தக் கடிதம் எழுதும்போது ஒன்பதாம் பாகம் எழுதப்படவே இல்லை. ரெஜி வருவதா வேண்டாமா என்று தீர்மானமாகவில்லை. தெரியாமல்தான் 'ஆக்கும்' போட்டேன், இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி. பத்து வருஷமாக இப்படித்தான் பேசுகிறேன். நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள் என்று தோன்றவே இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று உங்கள் நம்பரைப் போட்டேன். அம்மா எடுத்தால் என்ன சொல்வது என்று வைத்துவிட்டேன். தயவுசெய்து அம்மாவை உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

நேற்று ராத்திரியே உட்கார்ந்து ஒன்பதாம் பாகத்தை எழுதி முடித்தேன். இதோடு வைத்திருக்கிறேன். ரெஜி வருகிறான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பார்ப்பதற்குப் பதில் கேட்கட்டும்.

நந்தனா


சென்னை,
18 ஏப்ரல் 2025

பிரியமுள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உடனே எழுத முடியவில்லை. ஊரில் இருந்த பதினாறு நாளும் உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். நீங்கள் எந்நேரமும் யாருக்காவது நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஷைலஜா அக்காவிடம் கேட்டதற்கு, "அப்பன்கிட்ட கேளு மக்கா" என்று சொல்லிவிட்டாள்.

நான் எழுதி அனுப்பியதை அம்மா கேட்டாளா? ரெஜி வந்துவிட்டான் என்று தெரிந்துதான் போனாளா?

மே மாதம் நான் வரட்டுமா? எனக்கு இப்போது வேலை இல்லை. உங்களோடு கொஞ்ச நாள் இருக்கலாம்.

உங்கள் நந்தனா


கொல்லயில்,
27 ஏப்ரல் 2025

நந்தனாவுக்கு,

கேட்டதற்குப் பதில்.

உன் கடிதம் மார்ச் பதினெட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். கட்டில் இல்லை என்றார்கள். தொடர் நின்றதை அம்மாவிடம் சொல்லவில்லை. புதன்கிழமை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். முழுவதும் பார்த்தாள். மீனில் உப்பு கூடுதல் என்று நடுவர்கள் சொன்னார்கள். "அடுத்த ஆழ்ச்சை நம்மளது உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வியாழக்கிழமை மதியம் நீ எழுதியதை வாசித்தேன். ஷைலஜாவும் இருந்தாள். எனக்கு மைக் பழக்கம் உண்டு, நன்றாகவே வாசித்தேன். கதவு திறக்கிற இடம் வந்ததும் அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உன் ரெஜி உள்ளே வந்து, "அம்மா, நான் வந்துட்டேன்மா. பசிக்குது" என்கிறான்.

"இன்னொரு தடவை வாசியுங்க" என்றாள். வாசித்தேன்.

"இது ஆரு? நம்ம பய பசிக்குது எண்ணு சொல்லுவானா? விசக்குது எண்ணுல்லா சொல்லுவான். இது வேற ஆரோ" என்றாள்.

அவசரத்தில் எழுதியது, சென்னையில் எழுதியது என்று சொன்னேன். மீதியை வாசிக்கட்டுமா என்றும் கேட்டேன். "எதுக்கு? வந்தது நம்ம பய இல்ல. பின்ன அவன் வந்தா என்ன, வராட்டா என்ன?" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம் ஷைலஜாவைக் கூப்பிட்டு, முற்றத்தில் கிடந்த கட்டிலை உள்ளே எடுத்துப்போடச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் எழவில்லை. மற்றதெல்லாம் நீ வந்து பார்த்தது.

நீ போனபிறகு பொழியூர் கடற்கரைக்குப் போய் பினுவுக்கும் பலி போட்டேன். இனி அதைத் தடுக்க ஆள் இல்லை. உன் காகிதங்களை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வேறு கம்பெனிக்கு உதவலாம். அந்தச் சொல்லைத் திருத்த வேண்டாம், எல்லோருக்கும் புரிகிற சொல்தான்.

மே மாதம் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

சாப்பாடு மறுபடியும் ஒன்பது மணிக்கே. வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கட்டில் ஒழிந்திருக்கிறது, அம்மிணி வருமோ என்று ஒரு பெண் மலையாளத்தில் கேட்டாள். வராது என்றேன். வரிசையில் அடுத்தது நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவராம். கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தங்கப்பன்